இல்லாத நோய்க்குக் காவல்: மன்னார்க் கரைக்கு வேலைக்கு வரும் புதியவருக்கு

மலேரியாத் தடுப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்கள் கையில் ஒரு பதிவேட்டைத் தருவார்கள். புரட்டிப் பாருங்கள். இரத்தம் கொடுத்தவரின் பெயர், ஊர், வயது, திகதி என்று பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும். கடைசி நிரலில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரே முடிவு: இல்லை, இல்லை, இல்லை. ஒரு மாதம் போனதும் உங்களுக்கே தோன்றும், இல்லாத நோயைத் தேடி ஏன் இப்படி வெயிலில் அலைகிறோம் என்று. எனக்கும் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணம் உங்களுக்கும், உங்கள் மேலதிகாரிக்கும், வெளிநோயாளர் பிரிவில் நிற்கும் வைத்தியருக்கும், பணம் ஒதுக்குபவருக்கும் ஒரே காலத்தில் வந்துவிட்டால்தான் ஆபத்து.

இலங்கையில் ஒருமுறை அப்படி நடந்தது. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். அவர்களிலும் பலர் நோயை வெளியிலிருந்து கொண்டுவந்தவர்கள். வென்றுவிட்டோம் என்று டி.டி.டி. என்ற பூச்சிகொல்லியின் தெளிப்பை நிறுத்தினார்கள், இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. இடையில் இருந்தவை ஆறு ஆண்டுகள்தான். அதற்கும் முன்னால், மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக வற்றிய 1934–35 இல், ஏறத்தாழ 80,000 பேரை இந்தக் காய்ச்சல் கொண்டுபோனது. வன்னியில் வயதானவர்களிடம் கேட்டால், வீட்டுக்கு வீடு குளிர்க்காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த காலத்தை இன்றும் சொல்வார்கள்.

இப்போது நாம் இரண்டாவது முறையாக வென்றிருக்கிறோம். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. போர் நடந்துகொண்டிருந்த வடக்கிலும் கிழக்கிலும் இரத்தம் எடுத்தும், மருந்து தெளித்தும், நுளம்பு வலை கொடுத்தும் பெற்ற வெற்றி அது. அதைக் காப்பதுதான் உங்கள் வேலை. தமிழகத்திலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாங்கள் நுளம்பு என்பது உங்கள் கொசுவைத்தான்.

முதலில் சில சொற்கள்

உங்கள் அறிக்கையில் எந்த நோயாளரையும் வெறுமனே 'மலேரியா' என்று எழுதி விட்டுவிட முடியாது. நோய் எங்கே தொற்றியது என்பதே முக்கியம். வேறொரு நாட்டில் நுளம்பு கடித்து, இங்கே வந்தபின் காய்ச்சல் கண்டவர் 'வெளியிலிருந்து வந்த நோயாளர்'. அவரைக் கடித்த நம் நுளம்பு இன்னொருவரைக் கடித்து, அவருக்கு நோய் வந்தால், அந்த இரண்டாமவர் 'அறிமுக நோயாளர்'. அவரிடமிருந்து மூன்றாமவருக்குப் போனால் அது உள்ளூர்ப் பரவல். முதல் வகை ஒவ்வொரு வருடமும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் வகை அபாயமணி. மூன்றாம் வகை வந்தால் எங்கோ ஒரு படியில் நாம் தவறியிருக்கிறோம். ஒரே இடத்தில், ஒரே வகை ஒட்டுண்ணியால் (நோயைத் தரும் நுண்ணுயிர்), வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளூர் நோயாளர்கள் தொடர்ந்து மூன்று வருடங்கள் கண்டால், நோய் திரும்பவும் நிலைகொண்டுவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது.

ஓர் ஊரின் ஆபத்தை அளக்க இரண்டு கேள்விகள் போதும். நோயைப் பரப்பும் நுளம்பு இங்கே இருக்கிறதா? ஒட்டுண்ணியை உடலில் சுமந்த ஆட்கள் இங்கே வருகிறார்களா? குளிர்ந்த நுவரெலியாவில் இரண்டாவதற்கு ஆம் என்றாலும் முதலாவதற்கு ஏறக்குறைய இல்லை என்று சொல்லிவிடலாம். மன்னாரில் இரண்டுக்குமே ஆம்.

உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இலங்கைக்குத் தரை எல்லை இல்லை, தீவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இயந்திரப் படகுக்கு அது பெரிய தூரமல்ல. தோட்ட வேலைக்கு ஆட்களைக் கொண்டுவந்த காலத்திலேயே இதை அறிந்திருந்தார்கள். அக்கரையில் மண்டபம் என்ற ஊரில் தனிமைப்படுத்தும் முகாம் அமைத்து, நோய் உண்டா என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள்.

இன்று வருபவர்கள் பல வகை. உங்கள் பிரிவுக்கு ஒரு வரைபடம் கீறி, ஒவ்வொரு வகையினரும் எங்கே இறங்குகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழகத்து முகாம்களில் பல வருடம் வாழ்ந்து திரும்பும் குடும்பங்கள். விமானத்திலோ, 2023 ஒக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலிலோ உறவினரைப் பார்த்துவிட்டு வருபவர்கள். கட்டட வேலைக்கு வரும் இந்தியத் தொழிலாளர்கள். எல்லை தாண்டியதாகக் கைதாகித் தடுப்பில் இருக்கும் மீனவர்கள். கடலில் அக்கரை மீனவரோடு பேசிப் பழகி, அங்கே ஓரிரவு தங்கிவிட்டு வரும் நம் மீனவர்கள். ஆபிரிக்க நாடுகளில் அமைதிப்படைக் கடமை முடித்து வரும் படையினர். மடகஸ்காரில் இரத்தினக்கல் வியாபாரம் செய்துவிட்டு வருபவர்கள். கடைசி இரண்டு வகையினரும் மன்னாருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் என்று விட்டுவிடாதீர்கள். விடுமுறைக்கு வீடு வரும் சிப்பாயின் வீடு உங்கள் பிரிவிலும் இருக்கலாம்.

எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்பது எந்த ஒட்டுண்ணியை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லும். இந்தியாவிலிருந்து வருபவரிடம் பெரும்பாலும் வைவாக்ஸ் வகையை நினைக்கலாம். ஆபிரிக்காவிலிருந்து என்றால் முதலில் அஞ்ச வேண்டியது ஃபல்சிபாரம், ஆளையே கொல்லக்கூடியது. மலேசியக் காட்டுப் பகுதியிலிருந்து என்றால் குரங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோலெசியையும் நினைவில் வையுங்கள்.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. படகில் அனுமதியின்றி வந்தவர் பொலிசுக்குப் பயந்திருப்பார். உங்களையும் அதிகாரி என்றே பார்ப்பார். அவர் எப்படி வந்தார், யார் கூட்டிவந்தார், எவ்வளவு பணம் கொடுத்தார் என்பவற்றைக் கேட்காதீர்கள். சொன்னாலும் எழுதாதீர்கள். எந்த நாட்டில், எந்த ஊரில் இருந்தார், எப்போது புறப்பட்டார், காய்ச்சல் உண்டா என்பவை மட்டும் போதும். நீங்கள் ஒருமுறை தகவல் கொடுப்பவராகத் தெரிந்துவிட்டால், அடுத்த படகில் வருபவர் காய்ச்சலோடு ஒளிந்துகொள்வார். அந்த ஒளிவிடத்தில் நுளம்பும் இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி

இந்த வேலையில் மிக விலையுயர்ந்த கருவி எது என்று யாராவது கேட்டால் நான் நுணுக்குக்காட்டியைச் சொல்ல மாட்டேன். காய்ச்சலோடு வரும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய இந்தக் கேள்வியைத்தான் சொல்வேன்: "கடந்த ஒரு வருடத்தில் எந்த நாட்டுக்காவது போய் வந்தீர்களா?"

என் அனுபவத்தில் என்னை இன்றும் வருத்தும் ஒன்று இதைப் பற்றியது. மேற்கு ஆபிரிக்க நாடொன்றில் வேலை செய்துவிட்டு வந்த ஓர் இளைஞருக்கு வீடு வந்த பத்தாம் நாள் காய்ச்சல். ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். டெங்குக் காலம், டெங்குக்கு இரத்தம் பார்த்தார்கள், இல்லை. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் பார்த்தார்கள், இல்லை. ஐந்தாம் நாள் அவர் பிதற்றத் தொடங்கிவிட்டார். வேறொரு வேலையாக அந்தத் தெருவால் போன என்னைக் கூப்பிட்டு, அவருடைய தாயார், "தம்பி, இவன் வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை ஐந்து நாளாக யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை. இளைஞர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ஐந்து இரவும் அவர் வலையில்லாமல் முற்றத்தில் படுத்திருந்தார். அந்தத் தெருவில் நாங்கள் அதன்பின் ஒரு மாதம் தூக்கமில்லாமல் திரிந்தோம்.

கேட்கும் முறை முக்கியம். "வெளிநாடு போனீர்களா?" என்றால், பலருக்கு வெளிநாடு என்பது ஐரோப்பா அல்லது வளைகுடா. தமிழகத்துக்குப் போனவர் "இல்லை" என்றே சொல்வார், பொய்யாக அல்ல. அவருக்கு அது மாமி வீடு. ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: "இந்தியாவுக்குப் போனீர்களா? இராமேஸ்வரம், சென்னை, வேளாங்கண்ணி? ஆபிரிக்காப் பக்கம்?" வேளாங்கண்ணித் திருவிழா முடிந்து வருகிறவர்களை மறக்காதீர்கள், இந்தக் கரையிலிருந்து போகும் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம். பிறகு வீட்டில் விருந்தாளி யாராவது வந்து தங்கினார்களா என்றும் கேளுங்கள். முன்பு எப்போதாவது மலேரியா வந்ததா, இரத்தம் ஏற்றினார்களா என்பவை அடுத்த கேள்விகள்.

ஒரு வருடம் என்ற கணக்கு ஏன்? ஃபல்சிபாரம் பெரும்பாலும் கடித்து ஒன்றிரண்டு கிழமைகளில் காய்ச்சலாக வெளிப்படும். வைவாக்ஸ் அப்படியல்ல. அதன் ஒரு வடிவம் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு எழும்பி வரும். சித்திரையில் இந்தியாவிலிருந்து வந்தவருக்கு மார்கழியில் காய்ச்சல் வரலாம். அப்போது அவரே அந்தப் பயணத்தை மறந்திருப்பார்.

இந்தக் கேள்வியைக் கேட்பது உங்களால் மட்டும் முடிகிற காரியமல்ல. உங்கள் பிரிவிலுள்ள ஒவ்வொரு தனியார் வைத்தியரையும், மருந்துக்கடைக்காரரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கடிதம் அனுப்பிப் பயனில்லை. இன்றைய இளம் வைத்தியர்களில் பலர் மலேரியா நோயாளரைக் கண்ணால் கண்டதே இல்லை, அது அவர்களுடைய குற்றமல்ல. மேசையில் ஒட்டிவைக்க ஒரு சிறு அட்டை கொடுங்கள்: காய்ச்சல், பயணம், இரத்தம். மூன்று சொற்கள் போதும்.

இரத்தப் பூச்சு எடுத்தல்

இதை வாசித்துக் கற்க முடியாது. ஆனாலும் எங்கே தவறும் என்று முன்பே தெரிந்தால் நல்லது.

இடது கையின் மோதிர விரலை எடுங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு, காயும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்தினால் இரத்தம் துளியாக நிற்காமல் பரவிவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு, வலை இழுப்பவருக்கு அடுத்த நாள் வேலைக்கும் தடையில்லை. முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்து வருவதைக் கண்ணாடித் தகட்டில் எடுங்கள். ஒரே கண்ணாடியில் இரண்டு பூச்சு வேண்டும். தடித்த பூச்சுக்கு மூன்று சிறு துளிகளை இன்னொரு கண்ணாடியின் மூலையால் சேர்த்து, ஒரு சதம நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய வட்டமாகப் பரப்புங்கள். அதைப் பத்திரிகையின் மேல் வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் தடிப்புக் கூடிவிட்டது, சாயமிடும்போது கழன்றுபோகும். மெல்லிய பூச்சு ஒரே இழுப்பில், நாக்கு வடிவில் முடிய வேண்டும். தடித்த பூச்சில் ஒட்டுண்ணி உண்டா என்று தேடலாம், மெல்லியதில் அது என்ன வகை என்று பார்க்கலாம்.

மன்னார்க் காற்றில் மணல் வரும். கருவாடு காயும் வாடியில் (மீனவர் குடில்) இலையான், அதாவது ஈ, வரும், உங்கள் தடித்த பூச்சை அது சில நிமிடங்களில் நக்கித் தீர்த்துவிடும். ஆகவே கண்ணாடிகளை மூடிய தட்டில் கிடையாக வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் வைத்துச் சூடாக்கினால் செங்குருதிக் கலங்கள் கண்ணாடியிலேயே உறைந்துபோய்ச் சாயம் உள்ளே போகாது. பெயரையும் இலக்கத்தையும் உடனே எழுதுங்கள். 'வீட்டுக்குப் போய் எழுதலாம்' என்று நினைத்தவர் எல்லோரும் ஒருநாள் இரண்டு கண்ணாடிகளை மாற்றியிருப்பார்கள்.

ஆய்வுகூடத்தில் கீம்சா சாயமிட்டு, நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையில் குறைந்தது 100 புலங்களை (ஒரு பார்வையில் தெரியும் வட்டம் ஒரு புலம்) பார்த்த பிறகே 'இல்லை' என்று எழுதலாம். பயண வரலாறு இருந்து, முதல் பூச்சில் ஒன்றும் தெரியாவிட்டால், காய்ச்சல் இருக்கும்வரை அடுத்த இரண்டு நாட்களும் திரும்ப எடுக்க வேண்டும். ஒரே 'இல்லை'யை நம்பி வீட்டுக்கு அனுப்பியதால் கைநழுவியவர்கள் உண்டு.

விரைவுப் பரிசோதனை அட்டை கைக்கு எளிதானது, நள்ளிரவில் உதவும். ஆனால் அதற்குக் குறைகள் உண்டு. ஃபல்சிபாரம் சுகமாகிக் கிழமைகள் கழிந்தும் கோடு காட்டலாம். எரித்திரியா, எத்தியோப்பியா போன்ற இடங்களில் அட்டை தேடும் புரதமே இல்லாத ஒட்டுண்ணிகள் பரவியிருப்பதால், நோய் இருந்தும் கோடு விழாமல் போகலாம். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மதிய வெயிலில் வைத்த அட்டையை நம்பவே வேண்டாம். அட்டை எது சொன்னாலும் பூச்சையும் எடுத்துவிடுங்கள்.

'உண்டு' என்று வந்தால்

அன்றைக்கு உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இதை உலகுக்குத் தெளிவாகச் சொன்னவர்கள் சீனர்கள். மியன்மார், லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளோடும் 4,000 கிலோமீட்டருக்கு மேல் எல்லை கொண்ட யுனான் மாகாணத்தை வைத்துக்கொண்டு, 2021 ஜூன் 30 அன்று சீனா மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அவர்கள் விதியின் பெயர் 1-3-7. ஒரு நாளுக்குள் அறிவி. மூன்று நாளுக்குள் நோயாளரின் கதையை முழுதாக விசாரி. ஏழு நாளுக்குள் அந்த இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்து முடி.

இந்த ஏழு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் நீங்கள் ஒருபோதும் தாமதிக்க மாட்டீர்கள். நோயாளரைக் கடித்த நுளம்பின் உடலில் ஒட்டுண்ணி வளர்ந்து, அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர ஏறத்தாழ 10 முதல் 14 நாள் வேண்டும். அதற்குள் அந்த நுளம்பைக் கொன்றுவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். பதினைந்தாம் நாள் நீங்கள் தெளிக்கும் மருந்து, ஏற்கனவே இன்னொருவரைக் கடித்துவிட்ட நுளம்பின் மேல்தான் படும்.

நம்முடைய நடைமுறை இப்படி: கண்டறிந்த உடனே, நள்ளிரவானாலும், தொலைபேசியில் பிராந்திய மலேரியா அலுவலருக்கும் கொழும்பிலுள்ள மலேரியாத் தடை இயக்கத்துக்கும் சொல்லுங்கள். நோயாளர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட வேண்டும். அங்கே மருந்து நேரத்துக்குக் கிடைக்கும், இரவில் வலைக்குள் படுப்பார், நுளம்புக்கும் அவருக்கும் இடையில் ஒரு திரை விழும். அடுத்து வீட்டுக்குப் போய் விசாரியுங்கள். வந்த நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் எங்கே தூங்கினார்? இந்தக் கேள்விக்குத்தான் நேரம் செலவிட வேண்டும். நோயைப் பரப்பும் அனொபிலிஸ் நுளம்பு அந்திக்குப் பிறகே கடிக்கும் என்பதால், பகலில் அவர் எங்கே நின்றார் என்பது அவ்வளவு பெரிய விடயமல்ல. அவர் தூங்கிய ஒவ்வோர் இடத்தையும் சுற்றியுள்ள வீடுகளில் எல்லோரிடமும் இரத்தம் எடுங்கள், காய்ச்சல் இல்லாதவரிடமும். கூடப் பயணம் செய்தவர்களைக் கட்டாயம் தேடிப் பிடியுங்கள். பூச்சியியல் குழு அதே பகுதியில் நுளம்பையும் நீரில் வளரும் அதன் இளம்புழுவான குடம்பியையும் தேடும், தேவையென்றால் சுவர்களுக்கு மருந்து அடிக்கும், வலை கொடுக்கும்.

2018 இன் கடைசியில் மொனராகலை மாவட்டத்தில் நடந்தது இதற்குப் பாடம். வேலைக்கு வந்த ஓர் இந்தியத் தொழிலாளருக்கு வைவாக்ஸ் கண்டது. அதே இடத்தில் வேலை செய்த, நாட்டைவிட்டு வெளியே போகாத இலங்கையர் ஒருவருக்கும் கொஞ்ச நாளில் அதே நோய் கண்டது. சான்றிதழ் பெற்றபின் இலங்கையின் முதல் அறிமுக நோயாளர் அவர். அங்கே சுற்றிவளைத்துத் தேடியதால் அது மூன்றாமவருக்குப் போகாமல் நின்றது.

அந்தத் தொழிலாளரைக் குற்றவாளியாகப் பேசியவர்களை அப்போது நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் அப்படிப் பேசாதீர்கள், உங்கள் முன்னால் பேசவும் விடாதீர்கள். அவர் நோயாளர். வேலை தேடிக் கடல் கடந்து வந்தவர். நம் பிள்ளைகளும் அப்படித்தான் உலகமெங்கும் போயிருக்கிறார்கள்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தல்

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய பழைய நுளம்பு அனொபிலிஸ் கியூலிசிஃபேசிஸ். வற்றும் ஆற்றின் மணற்குட்டைகளிலும் பாறைக் குழிகளிலும் முட்டையிடும் கிராமத்து நுளம்பு அது. 2016 டிசம்பரில், சான்றிதழின் மை காயுமுன், மன்னார்த் தீவில் இன்னொரு நுளம்பு முதன்முறையாகக் கண்டறியப்பட்டது: அனொபிலிஸ் ஸ்டீபென்சை. சென்னை போன்ற இந்திய நகரங்களில் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்புவது இதுதான். பட்டினத்துக்குப் பழகிய நுளம்பு. இது என்ன செய்யும் என்பதற்கு ஜிபூட்டியைப் பாருங்கள். 2012 இல் அந்தச் சிறிய நாட்டில் பதிவானவர்கள் 27 பேர். அந்த வருடம்தான் ஸ்டீபென்சை அங்கே கண்டறியப்பட்டது. 2020 இல் நோயாளர் தொகை 70,000 ஐத் தாண்டியது.

ஆகவே கிணறு பார்ப்பது உங்கள் வேலையின் பாதி. நல்ல தண்ணீர்க் கிணற்றை வீட்டுக்காரர் தினம் அள்ளுவார், தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும். ஆபத்து பூட்டிக் கிடக்கும் வளவுகளில் இருக்கிறது. குடும்பம் எங்கோ போய்விட்டது, முற்றத்தில் எருக்கலை வளர்ந்து நிற்கிறது, கிணற்றுக் கட்டில் பாசி. மெதுவாக நடந்து போங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது, விழுந்தால் குடம்பிகள் கீழே அமிழ்ந்துவிடும், ஒன்றுமில்லை என்று நீங்கள் திரும்பிவிடுவீர்கள். ஒருமுறை அமிழ்ந்துவிட்டால் கட்டில் உட்கார்ந்து சில நிமிடம் காத்திருங்கள். மூச்சுக்கு மேலே வந்துதான் ஆக வேண்டும்.

வாளியைக் கயிற்றில் இறக்கிச் சுவரோரமாக, நீர்மட்டத்தை ஒட்டிச் சரித்து அள்ளுங்கள். நடுவில் அள்ளினால் கிடைக்காது. அள்ளியதை வெள்ளைத் தட்டில் ஊற்றிவிட்டுப் பொறுங்கள். தலைகீழாகச் சரிந்து தொங்கினால் அது டெங்கு நுளம்பின் அல்லது வீட்டு நுளம்பின் குடம்பி. நீர்ப்பரப்போடு ஒட்டி, ஒரு சிறு துரும்பு மிதப்பதுபோலக் கிடையாகக் கிடந்தால் அது அனொபிலிஸ். முதன்முறை அதைத் தட்டில் கண்டபோது என் கை நடுங்கியது. எந்த இனம் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். போத்தலில் எடுத்து, கிணற்றின் இடத்தையும் திகதியையும் எழுதிப் பூச்சியியல் குழுவிடம் கொடுங்கள்.

கட்டுப்படுத்தும் வழிகள் எளியவை. பாவிக்காத கிணற்றை மூடலாம் அல்லது சிறு கண் வலையால் இறுக்கிக் கட்டலாம். பாவிக்கும் கிணற்றில் கப்பி மீன் விடலாம், குளோரின் போட்டால் மீன் செத்துவிடும் என்பதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். குடம்பிகொல்லி மருந்தை அளவறிந்தவர் மட்டுமே இட வேண்டும். குடிக்கிற தண்ணீரில் எதையோ கொட்டுகிறார்கள் என்று ஓர் அம்மா சண்டைக்கு வந்தால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நின்று விளக்குங்கள், தட்டில் நெளிவதைக் காட்டுங்கள். கண்ணால் கண்டவர் அடுத்த முறை தானே கூப்பிடுவார். வீட்டு மேல்நிலைத் தொட்டியின் மூடியையும் பாருங்கள், அங்கே டெங்கு நுளம்பும் கிடைக்கும். ஒரே ஏற்றத்தில் இரண்டு வேலை முடியும்.

வலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருந்து ஊறிய வலையை வெயிலில் காயப்போட வேண்டாம், நிழலில் போதும். வாடியில் மணலில் படுப்பவருக்கு வலை கட்ட ஆதாரம் வேண்டும். நாலு கம்பு நட்டுக் காட்டிவிட்டு வாருங்கள், கொடுத்துவிட்டு மட்டும் வந்தால் அது மீன் மூடப் போய்விடும்.

அக்கரையோடு பேசுங்கள்

யுனான்காரர்கள் தங்கள் எல்லையோடு நிற்கவில்லை. மியன்மாரின் பக்கத்திலும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டியைக் கணக்கில் எடுத்து, அங்குள்ளவர்களோடு சேர்ந்து நோயாளரைத் தேடினார்கள், சிகிச்சை கொடுத்தார்கள். நுளம்புக்குக் கடவுச்சீட்டு கிடையாது என்பதை அவர்கள் வேலைத்திட்டமாகவே எழுதிவைத்தார்கள்.

நமக்கு நடுவில் கடல். நுளம்பு தானாகப் பறந்து கடக்காது, படகும் ஆளும் கொண்டுவர வேண்டும். ஆகவே நமக்கு வேண்டியது செய்தி. இராமநாதபுரம் மாவட்டத்தில், குறிப்பாக இராமேஸ்வரம் பக்கம், நோய் கூடுகிறதா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அரசுகளுக்கிடையிலான வழி மெதுவானது, அதை உங்கள் மேலதிகாரிகள் பார்ப்பார்கள். நீங்கள் செய்யக்கூடியது வேறு. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர், பங்குத் தந்தை, பள்ளிவாசல் நிர்வாகத்தினர், கிராம உத்தியோகத்தர் ஆகியோரிடம் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். அக்கரையில் காய்ச்சல் பரவுகிறது என்ற பேச்சு எந்த அறிக்கைக்கும் முன்னால் அவர்கள் காதுக்கு வரும். பயணம் புறப்படுபவர்களுக்கும் அவர்கள் மூலமே சொல்லலாம்: மலேரியா உள்ள நாடுகளுக்குப் போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது.

கடைசி மாத்திரை, கடைசிப் பூச்சு

நோயாளர் வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுவது இயல்பு. வைவாக்ஸ் நோயாளருக்கு மூன்று நாள் குளோரோகுயின் முடிந்தவுடன் காய்ச்சல் நின்றுவிடும், பசி எடுக்கும், கடலுக்குப் போக ஆசை வரும். ஆனால் ஈரலில் உறங்கும் வடிவத்தை அழிப்பது பிரைமாகுயின். அதை 14 நாள் விழுங்க வேண்டும். சுகமான மனிதர் தினமும் மாத்திரை விழுங்குவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள், முன்னால் நின்று விழுங்கச் செய்யுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் குமட்டும், அடுத்த நாள் ஆளைக் காணவே கிடைக்காது.

பிரைமாகுயின் தொடங்குமுன் ஜி-6-பி-டி என்ற நொதியம் குறைவாக உள்ளதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். குறைவாக உள்ளவருக்கு இந்த மருந்து செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனால், கண் மஞ்சளித்தால், மூச்சு வாங்கினால், உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நோயாளருக்கும் அவருடைய வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள். கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுப்பதில்லை. ஃபல்சிபாரத்துக்கு மருந்து வேறு, ஆர்டிமீதரும் லூமிஃபான்ட்ரினும் சேர்ந்த மாத்திரை மூன்று நாள். எதைக் கொடுப்பது என்பது வைத்தியரின் முடிவு. கொடுத்தது வயிற்றுக்குள் போனதா என்பது உங்கள் பொறுப்பு.

அதன்பின் கிழமைக்கு ஒருமுறை 28 நாள் வரை இரத்தப் பூச்சு. வைவாக்ஸ் என்றால் மாதம் ஒருமுறை, ஒரு வருடம். மூன்றாம் மாதம் அவர் வாடியை முல்லைத்தீவுக்கு மாற்றியிருப்பார். ஆறாம் மாதம் தொலைபேசி இலக்கம் மாறியிருக்கும். ஆகவே முதல் நாளே மனைவியின் இலக்கம், படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியின் இலக்கம், சகோதரியின் ஊர் எல்லாவற்றையும் நோயாளர் அட்டையின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வேறு பிரிவுக்குப் போய்விட்டால் அங்குள்ள அலுவலரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள், அவர் இரத்தம் எடுத்த திகதியைக் கேட்டு வாங்கி உங்கள் அட்டையிலும் எழுதுங்கள். பன்னிரண்டாம் மாதப் பூச்சும் 'இல்லை' என்று வந்த அன்றைக்குத்தான் அந்த அட்டையை மூடலாம்.